கும்பாபிஷேகத்துக்கு வந்த ரஷ்ய ஹெலிகாப்டர்

யாராவது ஹெலிகாப்டரைப் பற்றி ஆசையாகப் பேச ஆரம்பித்தால் இப்போதெல்லாம் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. புளித்த ரசமும் அழுகிய வாழையிலையும் சேர்ந்த ஒரு நாற்றம் மூக்கில் ஏறுகிறது. நான் எழுந்து போய்விடுகிறேன். என்ன வந்தது இவனுக்கு என்று நண்பர்கள் பார்க்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தப் பேச்சை ஆரம்பித்து வைப்பவனே நான்தான். நிறுத்த ஆள் வேண்டியிருக்கும்.

ஆறாம் படிவம் முடித்து, பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஏழு மாதம் உட்கார்ந்து பார்த்து, முடியாமல் ஓடி வந்தவன் நான். நூலகத்து ஆங்கிலச் சஞ்சிகைகளில் ஹெலிகாப்டர் படங்களைப் பிளேடால் வெட்டியெடுத்துக் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தேன். திருட்டுத்தான். அப்போது அது திருட்டாகத் தோன்றவில்லை. அந்தப் படங்களில் எல்லாவற்றுக்கும் நடுவில் இருந்தது அந்த ரஷ்ய ராட்சசன். உலகத்திலேயே பெரிய சரக்கு ஹெலிகாப்டர். தலைக்கு மேலே எட்டு இறக்கைகள். இருபது டன் தூக்கும். வயிற்றைத் திறந்தால் லோரி ஒன்றை ஓட்டி உள்ளே ஏற்றலாம். உள்ளே ஏறாததை வயிற்றுக்கடியில் கொக்கியில் தொங்கவிட்டுக்கொண்டு பறக்கும். விழுந்து கிடக்கும் இன்னொரு ஹெலிகாப்டரையே முழுசாகத் தூக்கிக்கொண்டு போகும்.

அப்படிப்பட்டது பினாங்குக்கு வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. வந்தது. பாலிக் புலாவ் பக்கத்து மலைமுகட்டில் மின்கம்பிக் கோபுரங்கள் எழுப்ப வேண்டும். லோரி ஏற வழியில்லை, காடு. அதனால் இரும்புத் துண்டுகளை அடிவாரத்துத் திடலில் அடுக்கி வைத்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போக அதை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். திடலுக்கு இரும்பைக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை எங்கள் அம்மன் கோவில் தலைவருடைய லோரிகளுக்குக் கிடைத்திருந்தது. நான் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, திடலில் கணக்கெழுதும் கிராணி வேலை வாங்கினேன். ஆங்கிலம் சரளமாக வரும் என்பதால் ஒரே வாரத்தில் வாக்கி டாக்கியும் என் கைக்கு வந்தது. விமானி ரஷ்யன். பக்கத்தில் ஆங்கிலம் தெரிந்த ஒருவன் உட்கார்ந்திருப்பான். கீழேயிருந்து நான் சொல்வதை அவன் விமானிக்குச் சொல்வான்.

முதல் நாள் அது திடலில் இறங்கியபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சத்தியமாக. சத்தம் காதில் கேட்கவில்லை, விலா எலும்பில் கேட்டது. தொங்கும் கொக்கியைக் கையால் தொடக்கூடாது, பறந்து வருகிறபோது அதில் மின்சாரம் ஏறியிருக்கும், தரையில் ஊன்றிய கம்பியால் முதலில் தொட்டு இறக்கிவிட வேண்டும் என்றெல்லாம் கற்றுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து அக்காவிடமும் மச்சானிடமும் சோற்றைப் பிசைந்தபடி மணிக்கணக்காகச் சொல்லுவேன். அப்பா அம்மா போன பிறகு நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். மச்சான் துறைமுகத்தில் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தார். கயிறு, கம்பி, ஏணி, சாரம், எதைக் கொடுத்தாலும் கட்டுவார். கோவிலில் எந்த வேலைக்கும் முதல் ஆள். என் கதையைக் கேட்டுக்கொண்டே மீன் முள்ளை எடுத்து ஓரமாக வைப்பார்.

"இருபது டன்னு தூக்குதா? உங்க அக்காவத் தூக்குமான்னு கேளு."

"வாங்க சாப்பிட, நாளைக்கு வாங்க," என்பாள் அக்கா.

இரண்டாவது வாரம் ஒன்று நடந்தது. திடலின் ஓரத்தில் பிளைவுட் பலகைகள் அடுக்கியிருந்தார்கள். கோபுரத்தின் கனமான துண்டு ஒன்றைத் தூக்க ஹெலிகாப்டர் தாழ நின்றபோது, மேலே இருந்த பலகை லேசாக எழுந்தது. அடுத்த கணம் அங்கே இல்லை. நூறு அடி தள்ளி ஒரு ரம்புத்தான் மரத்தின் கிளையை வெட்டிவிட்டு அப்பால் விழுந்து கிடந்தது. வழியில் யாரும் நிற்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். அவ்வளவு இரும்பு அந்தரத்தில் நிற்க வேண்டுமென்றால் அவ்வளவு பாரத்தையும் காற்றாக்கிக் கீழே அழுத்த வேண்டும். ஹெலிகாப்டர் தாழ நிற்கிற இடத்தில் நிற்பவன் ஒரு புயலுக்கடியில் நிற்கிறான். தெரிந்தும் எனக்கு அன்று என்ன தோன்றியது? அடடா, என்ன பலம்! அதுதான் தோன்றியது. இப்போது நினைத்தால் அசிங்கமாக இருக்கிறது.

அந்த மாதக் கடைசியில் எங்கள் கோவில் கும்பாபிஷேகம். தலைவருக்கு ஒரு பயம் இருந்தது. கோபுரக் கலசத்தில் புனித நீர் ஊற்றும் நேரத்தில் வானத்தில் கருடன் வட்டமிட வேண்டும் என்பது நம்பிக்கை. போன கும்பாபிஷேகத்தில் கருடன் வரவில்லை. ஒரு காக்கைகூட வரவில்லை. பழைய தலைவரை ஊர் பன்னிரண்டு வருடமாகக் கிண்டல் செய்துகொண்டிருந்தது. "நம்ம காலத்துல அந்த மாதிரி ஆயிடக்கூடாது தம்பி," என்று இவர் என்னிடமே சொன்னார்.

நான்தான் வாயைத் திறந்தேன். தமிழ்நாட்டில் பெரிய கோவில்களில் ஹெலிகாப்டரிலிருந்து பூ தூவுகிறார்களாமே தலைவரே, நம்மிடம் உலகத்திலேயே பெரியது இருக்கிறதே.

அவர் முகம் விளக்கேற்றியது போலாயிற்று. "கேட்டா குடுப்பானா?"

"திடலுக்குப் போற வழிதானே. ஒரு சுத்து சுத்திட்டுப் போகச் சொல்லலாம்."

யாரை எப்படிப் பிடித்தாரோ, நான்கே நாளில் அனுமதி வாங்கிவிட்டார். இருநூறு மீட்டர் உயரம், ஒரே சுற்று, நிற்கக்கூடாது. ஆறு மூட்டைப் பூ. பின்கதவைத் திறந்து ஆள் தள்ளிவிடுவான். கீழேயிருந்து வாக்கி டாக்கியில் வழிகாட்டுவது நான். கமிட்டிக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இருபத்துமூன்று வயதுப் பையனுக்குப் பொன்னாடை! கண்ணாடி முன் நின்று இரண்டு தடவை போர்த்திப் பார்த்தேன்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் கோவிலுக்குப் போனபோது கோபுரத்தைச் சுற்றிய சாரத்தின் மேல் மச்சான் நின்றுகொண்டிருந்தார். குருக்கள்மார் மூன்று பேர் ஏறுவதற்காக அவரே மூங்கிலும் பலகையும் வைத்துக் கட்டிய சாரம். நாளை அவரும் மேலே நின்று, கலசத்தில் ஊற்றியதும் குழாயால் கூட்டத்தின் மேல் தண்ணீர் தெளிப்பதாக ஏற்பாடு. இப்போது அதே சாரத்தில் குறுக்காக ஒரு பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார். கெட்டியான கேன்வாஸ் துணி. இருபதடி நீளம். "வருக வருக" என்று எழுத்து. அம்மன் ஒரு மூலையில் சின்னதாக. நடுவில் தலைவர், கைகூப்பிக்கொண்டு, அம்மனைப் போல நான்கு மடங்கு.

எனக்கு அந்த பிளைவுட் பலகை ஞாபகத்துக்கு வந்தது. கப்பலில் பாய் கட்டுவது போலல்லவா கட்டுகிறார்!

"மச்சான், அதை அவுத்துடுங்க. காத்து புடிக்கும்."

"எந்தக் காத்து?"

"ஹெலிகாப்டர் காத்து."

"அது இருநூறு மீட்டருக்கு மேல போவுதுன்னு நீதானேடா சொன்ன? மேளம் அடிச்ச மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச."

"இருந்தாலும். கயித்துலயாவது கட்டுங்க. வேகமா அடிச்சா கயிறு அறுந்து பேனர் மட்டும் போவும்."

"தலைவரு கம்பியிலதான் கட்டணும்னு சொல்லிட்டாரு லா. போன திருவிழாவுக்குக் கயித்துல கட்டுனது ராத்திரி மழைக்குக் கிழிஞ்சு, அவரு மூஞ்சி சாக்கடையில கெடந்துச்சாம்." மச்சான் சிரித்தார். கட்டுக்கம்பியைக் குறடால் முறுக்கினார்.

தலைவரிடம் போனேன். பந்தலில் நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தவர் என் தோளில் கை போட்டார். "தம்பி, நீங்க மேல பாருங்க. கீழ நாங்க பாத்துக்கிறோம்." பக்கத்திலிருந்த இரண்டு கமிட்டி ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். பொன்னாடை போர்த்தியவரிடம் எப்படி இன்னொரு தடவை சொல்வது என்று நினைத்தேன். இப்படித்தான் இருந்தது என் வீரம்.

மறுநாள் காலை கோவிலைச் சுற்றி நிற்க இடமில்லை. சுங்கை பாக்காப், நிபோங் திபாலிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். பட்டுச்சேலைகள், குடைகள், தூக்கிய குழந்தைகள். குருக்கள் மூவரும் குடங்களோடு உச்சியில். அவர்களுக்கு ஒரு தட்டு கீழே மச்சான், தோளில் குழாய். அவர் காலடியில் பேனர். நான் பந்தலுக்கு வெளியே ஒரு மேசை மேல் வாக்கி டாக்கியோடு நின்றேன். தலைவர் மேசையைப் பிடித்துக்கொண்டு கீழே. அக்கா, பெண்கள் பக்கத்தில் எங்கோ.

கருடன் வந்தது. அதைச் சொல்லியாக வேண்டும். மலைப்பக்கத்திலிருந்து ஒரு செம்பருந்து வந்து அழகாக ஒரு வட்டம் போட்டது. கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. இரண்டாவது வட்டம் முடிவதற்குள் அந்தச் சத்தம் வந்துவிட்டது. பறவை திரும்பிப் பார்க்காமல் கடல் பக்கம் போய்விட்டது. யாரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் மறுபக்கம் திரும்பியிருந்தார்கள்.

சொன்னபடி இருநூறு மீட்டரில் வந்தது. அங்கிருந்து நான்கு மூட்டைகளைக் கொட்டினார்கள். பூவெல்லாம் காற்றில் சாய்ந்து, கோவிலைத் தாண்டி, அடுக்குமாடி வீடுகளின் மேல் போய் இறங்கிற்று. கூட்டம் "ஐயோ" என்றது. யாரோ ஒருவர், "பூவ பிளாட்டுக்கா வாங்குனீங்க?" என்று கத்தினார். சிரிப்பு.

தலைவர் முகம் கறுத்துவிட்டது. மேசையைத் தட்டினார். "கீழ எறங்கச் சொல்லு தம்பி! ரெண்டு மூட்டைதான் மிச்சம்!"

"தலைவரே, பேனர்..."

"எறங்கச் சொல்லு லா!"

பொத்தானை அழுத்தி, "லோவர்," என்றேன். எவ்வளவு என்று மேலேயிருந்து கேட்டான். நூறு என்றேன். திரும்பி வந்து நூறு மீட்டரில் நின்றது. பந்தல் துணி படபடத்தது. சேலைத் தலைப்புகள் பறந்தன. குழந்தைகள் கூச்சலிட்டன. மச்சான் ஒரு கையால் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தார். அவ்வளவுதான். தலைவருக்குப் போதும். "அங்கயே கொட்டச் சொல்லு," என்று கையைக் காட்டினார். எனக்குத் தெளிவாகக் கேட்டது.

நான் அதைச் சொல்லவில்லை. எனக்கு நேர் மேலே அதன் வயிறு. சஞ்சிகையில் பிளேடால் வெட்டிய அதே வயிறு. எட்டு இறக்கையும் சேர்ந்து ஒரு வெள்ளி வட்டமாகத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் வந்தால் அடிப்பக்கத்து ஆணிகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. ஊரே அண்ணாந்து பார்க்கிறது, என் ஒரு வார்த்தைக்கு அது ஏறுகிறது, இறங்குகிறது. மறுபடியும், "லோவர்," என்றேன். இந்தத் தடவை யாரும் சொல்லச் சொல்லவில்லை.

அது இறங்கியது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன். குருக்கள் குடத்தைச் சாய்த்தார். நீர் கலசத்தில் விழாமல் பக்கவாட்டில் போயிற்று. யாகசாலையின் கீற்று பிரிந்து சாம்பல் எழும்பியது. பிளாஸ்டிக் நாற்காலிகள் உருண்டன. பிறகு கோவிலின் பின்புறத்துக் குவியல் கிளம்பியது. மூன்று நாள் அன்னதானத்தில் சாப்பிட்டுப் போட்ட எச்சில் இலைகள். அள்ளிக்கொண்டு போக நகராட்சி லோரி வரவில்லையென்று மதிலோரம் ஆளுயரத்துக்குக் கிடந்தன. சோறும் ரசமும் மோரும் ஊறி, புழுத்து, அந்த இலைகள் வானத்துக்குப் போய்ப் பட்டுச்சேலைகளின் மேல் அறைந்தன. ஒரு குழந்தையின் முகத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டது. தலைவர் நெற்றியில் விபூதி இருந்த இடத்தில் பருக்கை. என் திறந்த வாயில் எதுவோ விழுந்தது. என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள விரும்பவில்லை. பூ எங்கே விழுந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

துப்பிவிட்டு நிமிர்ந்தபோது பேனர் புடைத்து நின்றது. கம்பி அறவில்லை. மச்சான் கட்டிய கம்பி அறுமா? பேனர் சாரத்தைப் பிடித்து இழுத்தது. "அப்! அப்!" என்று வாக்கி டாக்கியில் கத்தினேன். ஹெலிகாப்டர் உடனே எழும்பிவிட்டது, தவறு சொல்ல முடியாது. ஆனால் மூங்கில் ஒவ்வொன்றாக முறிகிற சத்தம் அதற்குள் ஆரம்பித்துவிட்டது. குருக்கள்மார் கோபுரத்துச் சுதைப் பொம்மைகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மச்சானுக்குப் பிடிக்க எதுவும் எட்டவில்லை. சாரத்தோடு போய் மடப்பள்ளியின் தகரக் கூரையில் விழுந்து, அங்கிருந்து தரையில் விழுந்தார். தோளில் குழாய் அப்படியே இருந்தது. தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது.

இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. உயிர் இருந்தது.

அவரை ஆம்புலன்ஸில் ஏற்றிய பத்து நிமிடத்தில் தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு, "அம்மனே காத்தா வந்து எறங்கிட்டா," என்று பேசினார். கூட்டத்தில் பாதி கன்னத்தில் போட்டுக்கொண்டது. எச்சில் இலை ஒட்டிய கையால் போட்டுக்கொண்டது.

மூன்றாம் நாள் கமிட்டி கூடியது. விசாரிக்க அதிகாரிகள் வருவார்களாம், எழுத்தில் ஏதாவது வேண்டுமாம். முடிவு ஏற்கனவே தயாராக இருந்தது. ஹெலிகாப்டர் இருநூறு மீட்டரிலேயே இருந்தது. திடீர்க் காற்று அடித்தது. சாரத்தில் பேனரைக் கம்பியால் கட்டியது கட்டியவருடைய கவனக்குறைவு. கட்டியவர் என்றால் மச்சான். வாக்கி டாக்கி பிடித்தவன் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"மச்சான்கிட்டக் கம்பியில கட்டச் சொன்னது நீங்க," என்றேன்.

"நான் பேனர் கட்டுன்னு சொன்னேன். கம்பி, கயிறு எல்லாம் கட்டுறவன் பாடு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஹெலிகாப்டரு அடுத்த மாசம் சரவாக் போவுது தம்பி. வாக்கி டாக்கிக்கு ஆளு வேணுமாம். உங்க பேரத்தான் சொல்லி வச்சிருக்கேன்."

இரண்டு மாதம் முன்னால் அந்த வாக்கியத்துக்காக நான் விரலை வெட்டிக் கொடுத்திருப்பேன். அன்று எனக்கு அவருடைய வெற்றிலை வாயைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மச்சான் மல்லாந்து படுத்திருந்தார். அக்கா கீழே போயிருந்தாள், கஞ்சி வாங்க. தாளைப் படித்துக் காட்டினேன். அவர் கூரை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவனக்குறைவா? என் கட்டு அவுந்துச்சா?"

"அவுழல மச்சான்."

"அதச் சொல்லு."

அப்போது சொன்னேன். முதல் தடவை கீழே இறங்கச் சொன்னது தலைவர், இரண்டாவது தடவை நான். யாரும் சொல்லாமல், நானாகவே.

"தெரியும்டா," என்றார். "மேலருந்து பாத்தேன். தலைவரு கையக் காட்டி நிறுத்துறாரு. நீ அதுல பேசிக்கிட்டு இருக்க. சிரிச்சுக்கிட்டு இருந்த."

"அக்காகிட்ட..."

"நான் சொல்லல."

அக்கா கஞ்சியோடு வந்தாள். நீயும் சாப்பிடு, முகமெல்லாம் வாடிக் கிடக்கிறது என்று எனக்கும் ஒரு கோப்பையில் ஊற்றினாள். குடித்தேன்.

கமிட்டித் தாளில் நான் கையெழுத்துப் போடவில்லை. வேறொரு தாளில் என் கையெழுத்தில் எழுதினேன்: கம்பியில் கட்டச் சொன்னவர் யார், முதல் தடவை இறங்கச் சொன்னவர் யார், இரண்டாவது தடவை சொன்னவர் யார். கட்டு அவிழவில்லை என்று முதலிலேயே எழுதினேன். மறுநாள் மறுபடி கூடிய கூட்டத்தில் எழுந்து நின்று படித்தேன். தலைவர் பாதியிலேயே, "தம்பி பாவம், அதிர்ச்சியில இருக்காரு," என்றார். செயலாளர் பேனாவை மூடிவிட்டார். அடுத்த விஷயமாக மண்டலாபிஷேகத்துக்கு யார் உபயம் என்று பேச ஆரம்பித்தார்கள். வெளியே வந்தவன் ஆத்திரத்தில் அந்தத் தாளைக் கோவில் வாசலிலிருந்த அறிவிப்புப் பலகையில் குத்தினேன். சாயங்காலம் அது இல்லை. மறுபடி எழுதி மறுநாள் குத்தினேன். அதையும் கிழித்தார்கள். வேலை போயிற்று, சரவாக்குக்கு வேறு யாரோ போனார்கள். ஒரு வாரம் விடாமல் எழுதி எழுதிக் குத்தினேன். யாராவது நின்று படித்தால் தள்ளி நின்று பார்ப்பேன். உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்தது. பொன்னாடை போர்த்தியபோது வந்த அதே பெருமை. அது புரிவதற்கு வெள்ளிக்கிழமை வரை ஆயிற்று.

வெள்ளிக்கிழமை காலை அக்கா வந்தாள். மச்சான் பேரில் அர்ச்சனை செய்யத் தட்டோடு வந்தவள், பலகை முன்னால் நின்றாள். தம்பி கையெழுத்து என்று தெரிந்திருக்கும். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரியில் நின்றுவிட்டாள். நான் பந்தல் கால் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவள் திரும்பியபோது ஒளிய நேரமில்லை.

"ரெண்டாவது தடவ நீயா?"

"ஆமாக்கா."

"உன் மச்சானுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

தட்டிலிருந்த தேங்காயை மறு கையால் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நாளா எங்கையால சோறு வாங்கிச் சாப்பிட்டல்ல? வீட்டுல வந்து எங்கிட்டச் சொல்லத் தோணல. ஊரு படிக்க இங்க வந்து ஒட்டத் தோணிச்சு."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள். பலகையிலிருந்து தாளை நானே எடுத்தேன். அர்ச்சனை முடிந்து வந்தவள் என்னைத் தாண்டி பஸ் நிற்கிற இடத்துக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போய் அதே பஸ்ஸில் ஏறினேன். ஆஸ்பத்திரி வரைக்கும் எனக்குப் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள்.